மாரடைப்பும் மலைப்பாதையும்

பழனி மலைச் சங்கங்களுக்கு நாம் செல்லுங்கால், நெஞ்சு வலி கண்டவர் அதனை "வாயு" என்று கூறிப் பூண்டுப் பாலோ சுக்குக் கஷாயமோ அருந்திப் படுத்துக் கொள்வதைப் பற்றிப் பலமுறை கேட்டிருக்கிறோம். அடிவாரத்து நெசவாளரோ, தறியில் உழைத்ததால் வந்த தோள் வலி என்று எண்ணுகிறார். வாயுவாகவே இருக்கலாம், மாரடைப்பாயின், படுத்திருந்த நேரம் திரும்பக் கிடைப்பதில்லை.

நிகழ்வது யாது?

இதயத் தசைக்கு இரத்தம் கொணரும் குழாயில் இரத்தக் கட்டி அடைத்துக் கொள்கிறது. வாய்க்கால் அடைபட்டால் கடைமடைப் பயிர் வாடுவது போல, அப்பகுதித் தசை சிறிது சிறிதாக மடிகிறது.

அறிகுறிகள்

நடு நெஞ்சில் பாரம் வைத்தாற் போன்ற இறுக்கம். இடது தோள், கை, தாடை, முதுகு அல்லது மேல் வயிற்றுக்குப் பரவும் வலி. குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல், குமட்டல். நீரிழிவு உள்ளவர், முதியோர், பெண்கள் ஆகியோருக்கு வலியின்றி அயர்ச்சியும் மூச்சுத் திணறலும் மட்டுமே தோன்றலாம்.

செய்ய வேண்டுவன

1. வேலையை உடனே நிறுத்தி, சாய்ந்த நிலையில் அமரச் செய்க. ஏற்றத்தில் நடக்க விடலாகாது; நோயாளி தாமே வண்டி ஓட்டவும் கூடாது.

2. 108-ஐ அழைக்க. அவர்கள் சொல்லும் மருத்துவ யோசனையைப் பின்பற்றுக.

3. ஒவ்வாமையோ இரத்தக் கசிவோ இல்லாதவருக்கு 300 மில்லிகிராம் ஆஸ்பிரினை மென்று விழுங்கத் தரலாம். நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரையை மருத்துவர் சொல்லாமல் தரலாகாது. இரத்த அழுத்தம் திடீரெனக் குறையக் கூடும்.

4. நினைவிழந்து மூச்சும் நின்றால், நடு நெஞ்சில் இரு கைகளாலும் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்துக. உதவி வரும் வரை நிறுத்த வேண்டாம்.

எங்கே செல்வது?

கொடைக்கானலிலிருந்து மதுரை சுமார் 120 கிலோமீட்டர். அதில் ஒரு பகுதி வளைவுப் பாதை. ஆகவே முதலில் அருகிலுள்ள ஆஸ்பத்திரியில் இ.சி.ஜி. எடுத்தல் வேண்டும். கட்டியைக் கரைக்கும் ஊசி, முதல் 3 மணி நேரத்துக்குள் மிக்க பயன் தரும். 12 மணி வரையிலும் உதவும். தமிழ்நாட்டில் 2012 முதல் 2014 வரை 2,420 நோயாளிகளைக் கொண்டு ஓர் ஆய்வு நடைபெற்றது. சிறு ஆஸ்பத்திரிகளைப் பெரியவற்றுடன் இணைத்து, வேண்டியவருக்கு அங்கேயே ஊசியிட்டுப் பின்னர் பெரிய இடத்துக்கு அனுப்பும் முறையைக் கையாண்டனர். ஓராண்டுக்குள் இறந்தோர் விகிதம் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆகக் குறைந்தது. 2023-இல் தொடங்கிய "இதயம் காப்போம்" திட்டத்தின்படி, ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை நிலையங்களிலும் முதல் வேளை மாத்திரைகள் வைக்கப்பட்டுள்ளன.

சங்கத்தின் கடமை

கடன் தருவது மட்டும் கூட்டுறவு அன்று. இரவில் வண்டி தர இசையும் அங்கத்தினர் பெயர்கள், கைப்பேசிக்குத் தொடர்பு கிடைக்கும் இடம், அருகிலுள்ள சுகாதார நிலையத்தின் எண் ஆகியவற்றை எழுதிச் சங்க அலுவலகச் சுவரில் ஒட்டி வைப்பதற்குச் செலவு ஏதுமில்லை.

படிப்பு வட்டத்தில் விவாதிக்க:

1. நமது ஊரிலிருந்து இ.சி.ஜி. எடுக்கும் இடம் எத்தனை நிமிடத் தொலைவு?
2. மழைக் காலத்தில் பாதை அடைபட்டால் மாற்று வழி யாது?
3. நெஞ்சை அழுத்தும் முறையை நம்மில் யார் யார் பயின்றுள்ளனர்?