றிப்போட்டில் ‘ஹெமாஞ்சியோமா’ என்று இருந்தால்

வளைகுடாவில் வேலை செய்துவிட்டு பிரித்தானியாவுக்கு வந்த பலர் பழைய ஸ்கேன் றிப்போட்டுகளையும் பையில் கொண்டு வருகிறீர்கள். அண்மையில் ஒரு தம்பி காட்டியது றியாத்தில் எடுத்தது. வெள்ளிக்கிழமைகளில் நம்மவர் கூடுகிற பத்தா கடைத்தெருவிலே ஒரு கிளினிக்கில் முதுகு வலிக்குக் காட்டி, அவர்கள் எழுதிக் கொடுத்து எடுத்த எம்.ஆர்.ஐ. அதில் ‘ஹெமாஞ்சியோமா’ என்று ஒரு சொல். அறையில் கூட இருந்தவர் அதைப் புற்றுநோய் என்று சொல்லிவிட்டார். தம்பி எட்டு மாதம் மனைவிக்கும் சொல்லாமல் வைத்திருந்தார்.

அது புற்றுநோய் அல்ல. முள்ளந்தண்டு என்புக்குள் சிறிய குருதிக் குழாய்களும் கொழுப்பும் சேர்ந்து உண்டாகும் தீங்கற்ற கட்டி. வயது வந்தவர்கள் 100 பேரில் ஏறத்தாழ 10 பேருக்கு இது இருக்கும். பெரும்பாலானோருக்கு வாழ்நாள் முழுவதும் தெரியவே வராது. வேறு காரணத்துக்கு ஸ்கேன் எடுக்கும்போது தற்செயலாக அகப்படும்.

படத்தில் இதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? கட்டி இருக்கும் என்பில் மெல்லிய தூண்கள் அழிந்து, மிஞ்சியவை தடிக்கின்றன. அதனால் எக்ஸ்ரேயில் கோர்டுரோய் துணி போல நெடுக்கு வரிகள் தெரியும். சி.ரி. ஸ்கேன் என்பைக் குறுக்காக வெட்டிக் காட்டுவதால் அதே தூண்கள் புள்ளிச் சட்டை போலத் தெரியும். எம்.ஆர்.ஐ.யில் ரி1, ரி2 என்று இரண்டு வகைப் படம் உண்டு. கொழுப்பு ரி1 படத்தில் வெள்ளையாகத் தெரியும். சாதாரண ஹெமாஞ்சியோமா இரண்டிலும் வெள்ளை. புற்றுநோய் பரவிய என்போ பெரும்பாலும் ரி1 படத்தில் கறுப்பாக இருக்கும்.

கொழுப்புக் குறைந்த சில ஹெமாஞ்சியோமாக்களும் ரி1இல் கறுப்பாகத் தெரியலாம். அரிதாகச் சில, என்பைத் தாண்டி வளர்ந்து முண்ணாணை அழுத்தும். அப்படியானால் மருந்து ஏற்றி மறுபடி ஸ்கேன் எடுப்பார்கள், தேவைப்பட்டால் சிகிச்சை செய்வார்கள். கால் பலம் குறைதல், விறைப்பு, நடக்கத் தடுமாற்றம், சிறுநீர் மலம் கட்டுப்படாமை வந்தால் அப்பொயின்ட்மென்ற் பார்த்துக்கொண்டு இருக்காதேங்கோ. உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கோ.

ஜீ.பி.யிடம் போகும்போது றிப்போட்டுடன் படம் உள்ள சி.டி.யையும் கொண்டு போங்கோ. மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கோ, அதற்குக் காசு இல்லை. பிள்ளைகளை மொழிபெயர்க்க வைக்க வேண்டாம்.

இன்னொன்று, இதைச் சிலர் விரும்பமாட்டீர்கள். இந்தக் கட்டி அடியாலோ சித்திரவதையாலோ வருவதில்லை. நேர்காணலில் அப்படிச் சொன்னால் மருத்துவ அறிக்கையோடு முரண்பட்டு, உண்மையாகப் பட்ட அடியையும் சந்தேகிக்க இடம் கொடுக்கும். அடிபட்ட முதுகு ஸ்கேனில் ஒன்றும் தெரியாமலே வலிக்கலாம். அந்த வலியை அப்படியே டொக்டரிடமும் சட்டத்தரணியிடமும் சொல்லுங்கோ.

இங்கே மறுபடி எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால், உடம்பில் ஷெல் துண்டோ சன்னமோ இருந்தால் கட்டாயம் முதலே சொல்ல வேண்டும். இயந்திரம் பெரிய காந்தம், இரும்பை இழுக்கும். “எப்போதோ பட்டது, ஆறிப்போச்சு” என்று விட்டுவிடாதேங்கோ. முதலில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்வார்கள். உள்ளே ஒடுக்கமாகவும் சத்தமாகவும் இருக்கும். அடைத்து வைக்கப்பட்டிருந்தவர்கள் அதையும் முன்பே சொல்லலாம். கையில் ஒரு பட்டன் தருவார்கள், அமத்தினால் நிறுத்துவார்கள்.