பெருநாள் பலகாரம்: அன்பளிப்பா, கணக்கா?

 

பெருநாளுக்கு வீட்டில் பலகாரம் சுட்டு உறவினருக்குக் கொடுப்பது முஸ்லிம்கள் வாழும் பல நாடுகளிலும் உள்ள நல்ல வழக்கம். எகிப்தில் சர்க்கரைத் தூள் தூவிய 'கஹ்க்' சுடுகிறார்கள். சிரியா, லெபனான், பாலஸ்தீனத்தில் பேரீச்சம்பழம் உள்ளே வைத்த 'மஅமூல்' சுடுகிறார்கள். நம் வீடுகளுக்கு ஏற்றது நெய் பிஸ்கட் என்று நாம் சொல்லும் நான்கட்டாய். அதை யாருக்குக் கொடுப்பது, எப்படிச் செய்வது என்பதே இம்மாதப் பாடம்.

யாருக்கு முதலில்?

ஏழைக்குக் கொடுத்தால் ஒரு தர்மத்தின் நன்மை; ஏழை உறவினருக்குக் கொடுத்தால் தர்மத்தோடு உறவைப் பேணிய நன்மையும் சேர்கிறது என்பது நபிமொழியின் கருத்து. கொடுத்தவருக்குத் திருப்பிக் கொடுப்பவர் உண்மையில் உறவைப் பேணியவர் அல்லர். அறுந்த உறவை ஒட்டவைப்பவரே பேணியவர் என்ற கருத்தும் ஸஹீஹுல் புகாரியில் இடம்பெற்ற நபிமொழியில் வருகிறது.

இந்த இரண்டையும் நம் பட்டியலோடு வைத்துப் பாருங்கள். போன பெருநாளில் நமக்குத் தந்தவர்கள் பட்டியலின் மேலே இருப்பார்கள். கணவரை இழந்த குப்பி, வேலையில்லாத சாச்சா, சொத்துத் தகராறில் பேச்சை நிறுத்திக்கொண்ட பெரியத்தா வீடு ஆகியோர் கடைசியில் இருப்பார்கள், அல்லது இருக்கவே மாட்டார்கள். முதல் டப்பா அவர்களுக்கே போகட்டும். பேசாமல் இருக்கும் வீட்டுக்கு வெறுங்கையோடு போகத் தயங்குவோம். கையில் ஒரு டப்பா இருந்தால் ஸலாம் சொல்ல வாய் வரும்.

சீர் ஆகிவிட வேண்டாம்

பெண் கொடுத்த வீட்டார் சம்பந்தி வீட்டுக்குப் பெருநாள் பலகாரம் தட்டுத் தட்டாக அனுப்ப வேண்டும் என்ற எதிர்பார்ப்பு சில குடும்பங்களில் இருக்கிறது. குறைந்தால் மருமகள் பேச்சுக் கேட்கிறாள். நம் அறக்கட்டளையிடம் வட்டியில்லாக் கடன் கேட்டு ரமளானில் வருவோரில், இந்தத் தட்டுகளை நிரப்பவே கேட்பவர்களும் உண்டு. மனமுவந்து தருவதுதான் ஹதியா. பயந்து தருவது ஹதியா ஆகாது. ஆகவே மாப்பிள்ளை வீட்டார் முந்திக்கொள்ளுங்கள்: "எங்களுக்கு எதுவும் அனுப்ப வேண்டாம்" என்று சொல்லி, நீங்களே ஒரு சிறு டப்பாவைப் பெண் வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள்.

ஃபித்ரா கடமை, பலகாரம் விருப்பம். கடமையைப் பெருநாள் தொழுகைக்கு முன் நிறைவேற்றிவிட்டு, மிஞ்சியதில் விருப்பத்தைச் செய்வோம்.

செய்முறை (சுமார் 30 பிஸ்கட்)

மைதா 200 கிராம், கடலை மாவு 50 கிராம், ரவை 25 கிராம், பொடித்த சர்க்கரை 125 கிராம், நெய் 150 கிராம், பேக்கிங் பவுடர் அரை தேக்கரண்டி, ஏலக்காய்த் தூள் அரை தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை.

1. நெய் உறைந்த பதத்தில் இருக்க வேண்டும். உருக்கிய நெய்யில் செய்தால் பிஸ்கட் பரந்து தட்டையாகிவிடும்.
2. நெய்யையும் சர்க்கரையையும் வெளுத்து நுரைக்கும்வரை அடியுங்கள். அப்போது உள்ளே சேரும் காற்றுதான் பிஸ்கட்டை மொறுமொறுவென்று உதிரச் செய்கிறது.
3. மாவு வகைகளைச் சலித்து, மற்றவற்றையும் சேர்த்து மெதுவாகத் திரட்டுங்கள். அழுத்திப் பிசைந்தால் கடினமாகிவிடும்.
4. எலுமிச்சை அளவை விடச் சற்றுச் சிறிதாக உருட்டி, லேசாக அழுத்தி, இடைவெளி விட்டு அடுக்குங்கள்.
5. முன்பே சூடாக்கிய ஓவனில் 170 டிகிரி செல்சியஸில் 15 முதல் 18 நிமிடம். அடிப்பக்கம் இளஞ்சிவப்பானதும் எடுத்துவிடுங்கள். சூட்டில் மென்மையாகத்தான் இருக்கும், ஆறினால் இறுகும்.

ஓவன் இல்லையா? கனமான பாத்திரத்தில் ஒரு அங்குலம் கல் உப்பு பரப்பி, மேலே ஒரு ஸ்டாண்டு வைத்து, மூடிப் பத்து நிமிடம் சூடாக்குங்கள். பிறகு தட்டை வைத்து மூடி, சிறு தீயில் 20 முதல் 25 நிமிடம் விடுங்கள். குக்கரில் செய்தால் கேஸ்கட்டையும் வெயிட்டையும் எடுத்துவிட வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

* நன்றாக ஆறிய பின்பே டப்பாவில் அடையுங்கள். சூட்டோடு மூடினால் நீராவி பட்டு நமத்துவிடும். காற்றுப் புகாமல் வைத்தால் இரண்டு வாரம் தாங்கும். எனவே இருபதாம் நோன்புக்குள் சுட்டு முடிக்கலாம். கடைசிப் பத்து இரவுகள் அடுப்படியில் கழிய வேண்டியதில்லை.
* நபி (ஸல்) அவர்கள் வீட்டு வேலைகளில் குடும்பத்தாருக்கு உதவியதாக ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். மாவு சலிப்பது, உருட்டுவது, பாத்திரம் கழுவுவது ஆகியவற்றை வாப்பாவும் பிள்ளைகளும் பங்கிட்டுக் கொள்ளட்டும்.
* சர்க்கரை நோயாளிக்கு இதைக் கொடுக்காதீர்கள். வெல்லமோ பேரீச்சம்பழமோ சேர்த்தாலும் இரத்தத்தில் சர்க்கரை ஏறத்தான் செய்யும். அவருக்கு உப்புச் சேர்க்காமல் வறுத்த பாதாமோ நிலக்கடலையோ கொடுங்கள்.
* முந்திரி, பாதாம் சேர்த்தால் டப்பாவின் மேல் எழுதுங்கள். ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் இருக்கலாம்.

குடும்பத்தோடு சிந்திக்க

1. திருப்பித் தர இயலாத உறவினர் நம் பட்டியலில் எத்தனை பேர்?
2. நாம் முந்திக்கொண்டு ஸலாம் சொல்ல வேண்டிய வீடு எது?
3. நமக்குப் பலகாரம் அனுப்புவதை யாராவது சுமையாகக் கருதுகிறார்களா?

உறவுகளை ஒட்டி வாழும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.

– செயலாளர்