பாத்திரம் அப்படித்தான்னு சொன்னா போதுமா?



உங்களில் சிலர் வார இறுதியில் நண்பர்களோடு மேசையைச் சுற்றி உட்கார்ந்து ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாடுவீர்கள். பாத்திரத் தாளில் ‘அலைன்மென்ட்’ என்று ஓர் இடம் இருக்கும். அதாவது நெறிச்சார்பு. அவசரத்தில் எதையாவது எழுதிவிட்டு, உடனே வாளும் கேடயமும் வாங்கப் போய்விடுவோம். இன்றைய பாடம் அந்தச் சின்ன இடத்தைப் பற்றியதுதான்.

1974-இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்ன்சன் இருவரும் உருவாக்கிய இந்த ஆட்டம் அமெரிக்காவில் வெளிவந்தபோது மூன்றே சார்புகள் இருந்தன: ஒழுங்கு, நடுநிலை, குழப்பம். நன்மை, தீமை என்ற அளவுகோல் பிறகுதான் சேர்ந்தது. 1978-இல் வந்த ‘அட்வான்ஸ்டு’ விளையாட்டாளர் கையேட்டில் சார்புகள் ஒன்பதாகிவிட்டன.

ஒன்பதா என்று பயப்பட வேண்டாம். இரண்டு கேள்விகள் கேட்டால் போதும்.

1. இவன் சட்டத்தையும் கொடுத்த வாக்கையும் மதிப்பவனா, தன் இஷ்டப்படி நடப்பவனா?
2. பிறருக்காகத் தான் கஷ்டப்படுவானா, தனக்காகப் பிறரைக் கஷ்டப்படுத்துவானா?

இரண்டுக்கும் நடுவில் நிற்பவர்களும் உண்டு. ஆக, மும்மூன்று ஒன்பது.

ஓர் உதாரணம். ஊரே பட்டினி. பிரபுவின் களஞ்சியத்தில் தானியம் பூட்டிக் கிடக்கிறது. ஒழுங்கான நல்லவன் பிரபுவிடம் போய் வாதாடுவான். கட்டுக்கடங்காத நல்லவன் ராத்திரியில் பூட்டை உடைத்து ஊருக்குக் கொடுப்பான். ஒழுங்கான தீயவன் முறையாகப் பத்திரம் எழுதி, தானியத்துக்கு ஈடாக ஊரார் நிலத்தையே வாங்கிவிடுவான். அவன் ஒரு சட்டத்தையும் மீறவில்லை, கவனிச்சீங்களா? ஒழுங்கு வேறு, நன்மை வேறு.

இனி என் கதை. நான் திருடன் பாத்திரம் எடுத்திருந்தேன். விளையாட்டாக என் தோழனின் பையிலிருந்து காயம் ஆற்றும் மருந்தை எடுத்துக்கொண்டேன். அடுத்த சண்டையில் அவன் பாத்திரம் செத்துப்போனது. ஆறு மாதம் ஆசையாக வளர்த்த பாத்திரம். “என்னடா செய்றது, என் பாத்திரம் அப்படித்தான்” என்றேன். அவன் தாளை மடித்துக்கொண்டே, “பகடையை உருட்டினது உன் பாத்திரம் இல்லடா, நீதான்” என்றான். அடுத்த வாரம் அவன் வரவில்லை. நான்கு பேர் மேசையில் ஒரு நாற்காலி காலியாகவே இருந்தது.

பழைய விதிகளிலேயே இதற்குப் பதில் இருக்கிறது. ஒருவன் என்ன செய்கிறான் என்று ஆட்டத்தை நடத்துபவர் கவனித்து, தேவைப்பட்டால் அவன் சார்பையே மாற்றலாம். ஒழுங்கையும் நன்மையையும் கைவிட்ட பாலடின் வீரன் தன் சிறப்புச் சக்தியை இழப்பான். ஆக, செயல்தான் பெயரைத் தீர்மானிக்கிறது. பெயர் செயலுக்குச் சாக்கு ஆகாது.

“நான் கோபக்காரன், அப்படித்தான்” என்று வீட்டில் சொல்கிறோமே, அதுவும் இதே சாக்குதான்.

சிந்திக்க:
• களஞ்சியத்தின் முன்னால் உங்கள் பாத்திரம் என்ன செய்யும்? நீங்கள் என்ன செய்வீர்கள்?
• “நான் அப்படித்தான்” என்று கடைசியாக யாரிடம் சொன்னீர்கள்? அவரிடம் இந்த வாரம் பேசுங்கள்.