மூச்சு முட்டியது, மூச்சால் பரவவில்லை

2024 நவம்பர் கடைசி வாரத்தில், பின்னர் ஃபெங்கல் புயலாக மாறிய தாழமுக்கம் யாழ்ப்பாணக் குடாநாட்டை மழையில் மூழ்கடித்தது. வெள்ளம் வற்றத் தொடங்கிய டிசம்பர் முதல் பாதியில், பருத்தித்துறை, கரவெட்டி, சாவகச்சேரிப் பக்கங்களில் காய்ச்சல் கண்ட சிலர் ஒரு சில நாட்களுக்குள் மூச்சுத்திணறி இறந்துபோனார்கள். மாத நடுப்பகுதிக்குள் யாழ். மாவட்டத்தில் ஏழு மரணங்கள் அறிவிக்கப்பட்டன. செய்திகளில் அதற்கு முதலில் கிடைத்த பெயர் மர்மக் காய்ச்சல். பெயர் அப்படி விழுந்ததும் ஊர் தன் பங்குக்கு விளக்கங்கள் சொல்லத் தொடங்கியது. திரும்பக் கொரோனா வந்துவிட்டது என்பது அவற்றில் முதலாவது.

அப்படி நினைத்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. 2020 மார்ச்சில் அரியாலையில் நடந்த ஓர் ஆராதனைக்குப் பிறகு, கொரோனாப் பயத்தில் குடாநாடு முழுவதும் முடங்கிக் கிடந்ததை நாம் மறக்கவில்லை. காய்ச்சல், இருமல், மூச்சு முட்டு மூன்றும் சேர்ந்தால் காற்றில் பரவுகிற நோய் என்று மனம் தானாகவே முடிவு கட்டிவிடும். ஆனால் இந்தக் காய்ச்சலில் அந்த முடிவுதான் மிகவும் ஆபத்தானது. காற்றுக்குப் பயந்தவர் முகக்கவசம் போட்டுக்கொள்வார், நோயாளி இருக்கும் வீட்டுப் பக்கம் போகமாட்டார். அடுத்த நாள் காலை வெறுங்காலோடு வயலுக்குள் களை பிடுங்க இறங்குவார். நோய் காத்திருந்தது அங்கேதான்.

அது எலிக்காய்ச்சல். லெப்டோஸ்பைரா என்ற, சுருள் வடிவான பக்டீரியாவால் வருவது. எலியின் சிறுநீரகத்தில் அது குடியிருக்கும், சலத்தோடு வெளியேறும், தேங்கிய நன்னீரிலும் ஈரமண்ணிலும் வாரக்கணக்கில் உயிரோடு கிடக்கும். காலில் உள்ள சிறு கீறல், நீரில் ஊறி மெலிந்த தோல், கண், மூக்கு, வாய் வழியாக உடம்புக்குள் நுழையும். பெரும்பாலும் ஐந்து நாள் முதல் இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் தொடங்கும். மழை முடிந்து வெள்ளம் வடிந்தபின் நோயாளிகள் வரத் தொடங்கியதற்குக் காரணம் இந்த இடைவெளி.

அப்படியென்றால் மூச்சு ஏன் முட்டியது? சிலருக்கு இந்தக் கிருமி நுரையீரலின் நுண்குழாய்ச் சுவர்களைப் பழுதாக்கிவிடுகிறது. காற்று நிறைய வேண்டிய சிற்றறைகளுக்குள் இரத்தம் கசிகிறது. எக்ஸ்ரே படத்தில் அது கடும் நியூமோனியா போலவே தெரியும். சளியில் இரத்தம் வராமலும் இருக்கலாம், அதனால் வெளியே இருந்து பார்ப்பவருக்குக் காரணம் புலப்படாது. இந்த நிலைக்குப் போனவர்களில் பாதிப்பேருக்கு மேல் இறக்கக்கூடும் என்று மருத்துவ நூல்கள் சொல்கின்றன. நோய் நுரையீரலைத் தாக்கியது என்பது உண்மை. ஆனால் நோயாளியின் மூச்சிலிருந்து அடுத்தவருக்கு அது போவதில்லை. மனிதரிலிருந்து மனிதருக்குத் தொற்றுவது மிக மிக அரிது. கட்டிலருகே இருந்து பார்த்துக்கொள்வதற்கோ, செத்த வீட்டுக்குப் போவதற்கோ யாரும் பயப்படத் தேவையில்லை.

"அரசாங்கம் எதையோ மறைக்கிறது" என்ற பேச்சும் இருந்தது. காரணம் உடனே சொல்லப்படாததுதான் அதற்கு எண்ணெய் வார்த்தது. இங்கே பரிசோதனையின் இயல்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். எலிக்காய்ச்சலுக்கு எதிரான பிறபொருளெதிரிகள் இரத்தத்தில் தெரிய ஏறக்குறைய ஒரு வாரம் செல்லும். முதல் நாட்களில் கிருமியின் மரபுப்பொருளைத் தேடும் பீ.சி.ஆர். பரிசோதனைதான் கைகொடுக்கும், அதற்கு மாதிரிகள் பெரிய ஆய்வுகூடங்களுக்குப் போகவேண்டும். பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் மருத்துவர் ஆ. கேதீஸ்வரன், எலிக்காய்ச்சல் என்று சந்தேகிப்பதாக முதலிலும், மாதிரிகளில் அது உறுதியானதாகப் பின்னரும் வெளிப்படையாகவே சொன்னார். கொழும்பிலிருந்து தொற்றுநோயியல் பிரிவின் குழு வந்தது. வயலிலும் வாய்க்காலிலும் வேலை செய்பவர்களுக்கு முற்காப்பாக டொக்சிசைக்கிளின் குளிசை கொடுக்கும் வேலை தொடங்கியது. முழு உறுதி கிடைக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்காமல், சந்தேகத்தின் பேரிலேயே மருந்தைத் தொடங்கியது சரியான முடிவு. இரத்தப் பரிசோதனையில் "இல்லை" என்று வந்துவிட்டால் எலிக்காய்ச்சல் இல்லை என்று வீட்டுக்குப் போகவும் முடியாது. இரண்டாம் நாள் எடுத்த இரத்தம் பொய் சொல்லக்கூடும்.

அதே சமயம் அரசை நம்பாமல்போனதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது, அதை விழுங்கிவிட்டு மக்களின் அறியாமையைப் பற்றி மட்டும் எழுதுவது நேர்மையாகாது. கொரோனாக் காலத்தில் இந்த நாட்டின் மிகக் கொடிய தவறான நம்பிக்கை வர்த்தமானியிலேயே வந்தது. 2020 ஏப்ரலில் கொரோனாவால் இறந்த எல்லோரையும் எரிக்கவேண்டும் என்று கட்டளையிட்டார்கள். புதைத்தால் நிலத்தடி நீர் கெட்டுவிடும் என்று காரணம் சொன்னார்கள். புதைப்பதில் தடையில்லை என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் அப்போதே இருந்தது. முஸ்லிம் பெற்றோரின் பச்சிளங்குழந்தையும் எரிக்கப்பட்டது. 2021 பெப்ரவரியில்தான் கட்டளை நீங்கியது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. தண்ணீரைப் பற்றி ஒருமுறை பொய் சொன்னவர்கள் தண்ணீரைப் பற்றி உண்மை சொல்லும்போது, கேட்பவர் தயங்கத்தான் செய்வார். அந்தத் தயக்கத்தை வீடுவீடாகப் போய் உடைத்துக்கொண்டிருப்பவர்கள் பொதுச் சுகாதார பரிசோதகர்களும் குடும்ப நல உத்தியோகத்தர்களுமே.

இது தென்னிலங்கை வியாதி, நமக்கு வராது என்ற எண்ணம் ஊரில் மட்டுமல்ல, படித்தவர்களிடமும் இருந்தது. இரத்தினபுரி, களுத்துறை, கேகாலை, காலி மாவட்டங்களின் நோயாகத்தான் அதை அறிந்திருந்தோம். 2008இல் இலங்கையில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டு இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தபோதும் வடக்கு அதைத் தூரத்துச் செய்தியாகவே வாசித்தது. எலியும் தேங்கிய நன்னீரும் வெறுங்காலும் உள்ள இடமெல்லாம் அதற்குச் சொந்த ஊர்தான்.

எலி கடித்தால்தான் வரும் என்பதும், எலி இல்லாத வீட்டுக்கு வராது என்பதும் ஒன்றுக்கொன்று துணையான பிழைகள். கடியால் வரும் காய்ச்சல் வேறொன்று. இதற்கு எலியைக் கண்ணால் காணவே தேவையில்லை. மாடும் நாயும்கூட இந்தக் கிருமியைச் சுமக்கும். ஒழுங்கையில் முழங்கால் அளவு நின்ற வெள்ளத்தைக் கடந்து பள்ளிக்கூடம் போன பிள்ளையும், அடைபட்ட வாய்க்காலைத் துப்புரவாக்கிய தொழிலாளியும், மாட்டுத் தொழுவத்தில் சாணம் அள்ளியவரும் கமக்காரரைப் போலவே இந்தக் கணக்கில் சேருவார்கள். வெள்ளம் புகுந்த கிணற்றுக்குக் குளோரீன் போடுவதும், தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிப்பதும் அவசியம். ஆனால் குடிநீரைக் கொதிக்கவைத்தவர் அதே நாள் வெறுங்காலோடு சேற்றுக்குள் இறங்கினால் அந்தக் காவல் பாதிதான்.

இன்னும் இரண்டு நம்பிக்கைகள் உயிரோடு விளையாடுபவை. ஒன்று, செங்கண்மாரி வந்தால்தான் எலிக்காய்ச்சல் என்பது. கண் மஞ்சளாவது நோய் முற்றியவர்களில் ஒரு பகுதியினருக்கு மட்டும் தெரியும் அடையாளம். நுரையீரலில் இரத்தம் கசிந்து இறப்பவருக்குக் கண் மஞ்சளாகாமலே இருக்கலாம். தொடக்கத்தில் தெரிவது கடும் காய்ச்சல், தலையிடி, கண் சிவத்தல், முக்கியமாகக் கெண்டைக்காலைத் தொடவிடாத உளைவு. மற்றது, பனடோல் போட்டுப் பார்ப்போம் என்பது. பனடோல் சூட்டைக் குறைக்கும், கிருமியைத் தொடாது. மல்லித் தண்ணியும் அப்படியே, குடிப்பதில் தவறில்லை, அதை நம்பி நாளைக் கடத்துவதில்தான் தவறு. சிலருக்கு நாலாம் ஐந்தாம் நாள் காய்ச்சல் தானாக இறங்கும். சுகம் வந்துவிட்டது என்று எண்ணும் அந்த நேரத்தில்தான் சலம் குறையலாம், மூச்சு வாங்கலாம். டெங்குவும் இதே மாரியில் பரவுவதால் இரண்டும் குழம்பும். அதனால் வைத்தியரைக் கேட்காமல் அஸ்பிரின், ஐபுபுரோஃபென் போன்ற வலிக் குளிசைகளை விழுங்கவே கூடாது. பென்சிலின், செஃப்ட்ரியாக்சோன் போன்ற சாதாரண மருந்துகளுக்கே அடங்கும் நோய் இது, நேரத்தோடு தொடங்கினால்.

டொக்சிசைக்கிளினைத் தடுப்பூசி போல நினைப்பவர்களும் உண்டு. ஒருமுறை விழுங்கினால் மாரி முழுவதும் காப்பாற்றாது. வயலில் இறங்கும் காலம் முழுவதும் வாரம் ஒருமுறை 200 மில்லிகிராம், சாப்பாட்டுக்குப் பிறகு நிறையத் தண்ணீரோடு எடுக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் சிறுபிள்ளைகளுக்கும் அது ஏற்றதல்ல. பூட்ஸ் போடுவதையும், காலில் உள்ள புண்ணை மூடிக் கட்டுவதையும் குளிசை இல்லாமலாக்காது. அருகிலுள்ள சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டால் விளக்கமும் மருந்தும் இலவசமாகக் கிடைக்கும்.

மழைக்காலத்தில் காய்ச்சலோடு மந்திகையில் உள்ள பருத்தித்துறை ஆதார வைத்தியசாலைக்குப் போனாலும், தனியார் மருந்தகத்துக்குப் போனாலும், வைத்தியர் கேட்கும்வரை காத்திராமல் நாமாகச் சொல்லவேண்டிய தகவல் ஒன்று உண்டு. கடந்த நாலு வாரத்துக்குள் எந்த வயலில், எந்த வெள்ளத்தில், எந்த வாய்க்காலில் இறங்கினோம், காலில் புண் இருந்ததா என்பதே அது. இரத்த அறிக்கை வருவதற்கு முன்பே எலிக்காய்ச்சலைச் சந்தேகித்து மருந்தைத் தொடங்க வைத்தியருக்கு வேண்டியது அந்தப் பதில்தான்.