உப்புக் காற்றுக்குத் தாங்கும் சைக்கிள்

திருவொற்றியூர் தேரடிக்குப் பக்கத்துச் சந்தில் சைக்கிள் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவரிடம் போன வருடம் என் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். சீட்டை ஒரு அங்குலம் ஏற்ற வேண்டும், அவ்வளவுதான் வேலை. போல்ட்டைத் தளர்த்தினார். சீட்டுக் கம்பி அசையவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட்டு, இரண்டு பேர் பிடித்துத் திருகி, சுத்தியலால் தட்டி, அரை மணி நேரத்துக்குப் பிறகு கம்பி வெளியே வந்தது. அதன் கீழ்ப்பாதி செதில் செதிலாக உதிர்ந்தது. குழாய்க்குள்ளிருந்து ஒரு பிடி செந்தூள் கொட்டியது. வாங்கி இரண்டு மழைக்காலம்கூட முடியாத வண்டி. வெளியே பெயிண்ட் புதுசு மாதிரி மின்னிக்கொண்டிருந்தது.

"தம்பி, எண்ணூர் பக்கத்திலேர்ந்து வர்ற வண்டின்னா நான் பெயிண்ட்டைப் பாக்கறதே இல்ல. சீட்டுக் கம்பியைத்தான் முதல்ல உருவிப் பாப்பேன்" என்றார்.

ராயபுரத்துக்கும் எண்ணூருக்கும் நடுவில் குடியிருந்துகொண்டு, அக்கம்பக்கம் போய்வர ஒரு சைக்கிள் வாங்கலாம் என்று நினைக்கிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியதெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. இங்கே இரும்பைத் தின்பது உப்பு. கடற்காற்று கொண்டுவரும் உப்பு, காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து இரும்பின் மேலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். அதன் மேல் நிலக்கரித் தூசியும் சாம்பலும் படிந்தால் செயின் அரைத்து மாவாகும். ஆகவே நம் ஊருக்கு நல்ல வண்டி என்பது, துருப்பிடிக்கிற இடம் குறைவாக இருப்பது, எல்லா உறுப்பையும் கழற்றி மாட்ட முடிவது, தெருமுனைக் கடையிலேயே ரிப்பேர் ஆவது. விலை குறைந்த வண்டிகளில்தான் இந்த மூன்றும் சேர்ந்து அமையும் என்பது நமக்கு நல்ல செய்தி.

எங்கே போகப் போகிறீர்கள்?

கடைக்குப் போகுமுன் ஒரு வாரத்துக்குக் கணக்கு எழுதுங்கள். எங்கெங்கே போனீர்கள், கையில் என்ன இருந்தது, எத்தனை மணிக்குப் போனீர்கள். ரேஷன் கடை, பிள்ளையின் பள்ளி, விடியுமுன் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகம், ஷிப்ட்டுக்குத் தொழிற்சாலை கேட் என்று ஆளுக்கொரு பட்டியல் வரும். 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ நீண்ட பிறகு, வீட்டிலிருந்து ஸ்டேஷன் வரைக்குமான பயணமும் இந்தக் கணக்கில் சேர்ந்துவிட்டது. கத்திவாக்கம், எர்ணாவூர் பக்கத்து ஆட்களுக்கு ஷேர் ஆட்டோவுக்காகக் காத்திருக்கும் நேரத்தில் சைக்கிள் ஸ்டேஷனுக்கே போய்விடும். ஆனால் அங்கே சைக்கிளை எங்கே விடுவது, இரவு ஷிப்ட் முடிந்து வரும்போது எடுக்க முடியுமா என்பதை நேரில் கேட்டுத் தெரிந்துகொண்டு பிறகு முடிவெடுங்கள்.

கணக்கில் பெரும்பாலும் இரண்டு மூன்று கிலோமீட்டர்தான் தேறும். நம் நிலம் தட்டையானது. மேடு என்று சொன்னால் எர்ணாவூர் மேம்பாலம் போன்ற இரண்டொரு பாலங்கள்தான். அதற்காக 21 கியர் வேண்டாம். பாலத்தில் இறங்கித் தள்ளினால் ஒன்றும் குறைந்துபோகாது. சுமையைக் கவனியுங்கள். 20 லிட்டர் தண்ணீர் கேன் 20 கிலோ. அதை வாரம் இரண்டு முறை தூக்க வேண்டுமென்றால், கேரியரின் கால்கள் பின்சக்கர ஆக்ஸிலில் முறுக்கப்பட்டிருக்க வேண்டும், ரெட்டைக்கால் ஸ்டாண்டும் வேண்டும். சைடு ஸ்டாண்டில் சுமையோடு நிறுத்தினால் வண்டி சாயும்.

வீட்டில் ஒன்று நிற்கிறதா?

2001-02ல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கி, பிறகு அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிகளின் பிளஸ் ஒன் பிள்ளைகள் எல்லோருக்கும் விரிந்தது தமிழக அரசின் விலையில்லா மிதிவண்டித் திட்டம். படிப்பு முடிந்து பிள்ளை வேலைக்குப் போனதும் அந்த வண்டி மாடிப்படிக்கு அடியில் பழைய துணிக்கும் உடைந்த நாற்காலிக்கும் துணையாகிவிடும். அதைத் துடைத்து மெக்கானிக்கிடம் காட்டுங்கள். பிரேமும் ஃபோர்க்கும் நன்றாக இருந்தால் டயர், டியூப், செயின், பிரேக் கட்டை மாற்றி ஒரு முழு ஓவராயல் செய்தாலும், புது வண்டி விலையில் சிறு பங்குதான் ஆகும். சின்ன தூரத்துக்கு அதைவிடப் பொருத்தமான வண்டி எனக்குத் தெரியவில்லை.

பழைய வண்டியைப் பார்க்கும் முறை

செகண்ட் ஹேண்டில் வாங்குவதென்றால் பகல் வெளிச்சத்தில் போங்கள். ஒரு அடி ஸ்கேலும் ஸ்பானரும் கையில் இருக்கட்டும்.

முதலில் சீட்டுக் கம்பியை உருவச் சொல்லுங்கள். வராவிட்டால், எவ்வளவு மலிவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். அடுத்து வண்டியைத் தலைகீழாக நிறுத்துங்கள். பெடல் ஆக்ஸில் இருக்கும் குழாயின் அடிப்பக்கத்தை நகத்தால் கீறிப் பாருங்கள். பிரேமுக்குள் இறங்கும் தண்ணீரெல்லாம் தேங்குவது அங்கேதான். பெயிண்ட் கொப்புளித்திருந்தால் உள்ளே இரும்பு போய்க்கொண்டிருக்கிறது. ஹேண்டில் பாருக்குக் கீழே, பிரேமின் இரண்டு குழாய்களும் வந்து சேருமிடத்தில் பெயிண்ட் சுருங்கியிருந்தால் வண்டி எதிலோ மோதியிருக்கிறது.

இப்போது சக்கரத்தைச் சுற்றிவிட்டு, பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் உள்ள இடைவெளியை மட்டும் பாருங்கள். ரிம் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் ஆடினால் கோட்டம் எடுக்க வேண்டும். லேசான கோட்டம் சரியாகிவிடும். ஸ்போக்ஸின் முனைகள் துருவில் இறுகியிருந்தால் திருகும்போதே உடையும். அதனால் நாலைந்து ஸ்போக்ஸைத் திருகிக் காட்டச் சொல்லுங்கள். சக்கரம் சுற்றும்போது கண்ணை மூடிக் காதைக் கொடுங்கள். கரகரவென்று கேட்டால் ஹப்புக்குள் கிரீஸ் இல்லை, பால்ரஸ் தேய்ந்திருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரப் பகுதிகளில் எண்ணெயும் புகுந்தபோது, வண்டிகள் அதிலேயே நின்றன. வெள்ளத்தில் நின்ற வண்டியின் ஹப்பைப் பிரித்துப் பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம்.

ஸ்கேல் செயினுக்கு. செயினில் ஒரு பின்னின் நடுவிலிருந்து அடுத்த பின்னின் நடு வரை அரை அங்குலம். ஆக, 24 கண்ணிகள் சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். ஒரு பின்னின் நடுவில் ஸ்கேலின் பூஜ்யத்தை வைத்து அளந்தால், 24வது கண்ணியின் பின் 12 அங்குலக் கோட்டில் நிற்கும். ஒரு நூல், அதாவது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு தாண்டிப் போயிருந்தால் செயினோடு ஃப்ரீ வீலும் போயிருக்கும். அந்தச் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள்.

பில் இல்லாத வண்டிக்கு விற்கிறவரின் அடையாள அட்டை நகலும், பிரேம் நம்பர் எழுதிய ஒரு காகிதமும் வாங்குங்கள். தரத் தயங்கினால் அந்த வண்டி யாருடையதோ. ஒரு கூலித் தொழிலாளியின் திருடுபோன வண்டியாக அது இருக்கலாம், அதை நாம் வாங்கக் கூடாது.

புதிதாக வாங்குவதென்றால்

ஷாக் அப்சார்பர், டிஸ்க் பிரேக், கியர் என்று மூன்றும் சேர்ந்து மலிவு விலைக்கு வரும் வண்டியைத் தவிர்த்துவிடுங்கள். பிள்ளைகள் அதைத்தான் கேட்பார்கள், தெரியும். ஆனால் மலிவான ஷாக் அப்சார்பர் நாம் மிதிக்கும் பலத்தில் ஒரு பங்கைத் தின்றுவிடும், உள்ளே உப்பு போனால் இறுகிவிடும். கியர் கேபிள் உறைக்குள்ளேயே துருப்பிடிக்கும். தேய்ந்த டிஸ்க் கட்டைக்கு அதே அளவு தெருமுனைக் கடையில் கிடைக்காமல் பாரிமுனைக்கு அலைய வேண்டி வரும்.

கியர் இல்லாத, மட்கார்டும் செயின் கவரும் கேரியரும் உள்ள சாதாரண வண்டியைக் கேளுங்கள். 1949ல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கியதிலிருந்து நம் மெக்கானிக்குகள் பழகி வந்த கை அந்த மாதிரி வண்டிகளில்தான். கட்டை பாரில்லாத பிரேம் எல்லோருக்கும் வசதி. புடவையோ லுங்கியோ கட்டியிருந்தாலும் ஏறலாம், ஒரே வண்டியைக் குடும்பமே ஓட்டலாம். முடிந்தால் அலாய் ரிம் வாங்குங்கள். குரோம் பூசிய இரும்பு ரிம்மில் மழை பட்டால் ரப்பர் கட்டை வழுக்கும், வண்டி நிற்க ரொம்ப தூரம் எடுக்கும். அலாய் ரிம்மில் அந்தப் பயம் குறைவு, சிவந்து துருவும் ஏறாது. ஸ்டீல் ஸ்போக்ஸ் துருப்பிடிக்காத வகையில் கிடைக்குமா என்றும் கேட்டுவிடுங்கள். டயர் கொஞ்சம் அகலமாக இருக்கட்டும், லாரி ஓடிக் கிழித்த சாலையில் ஒல்லி டயர் ரிம்மை நசுக்கும்.

அளவு பார்ப்பது எளிது. சீட்டில் உட்கார்ந்து பெடலைக் கீழே கொண்டுவந்து குதிகாலை வையுங்கள். முழங்கால் நேராக வந்தால், முன்பாதத்தால் மிதிக்கும்போது சரியான மடக்கு கிடைக்கும். புதிதாக ஓட்டப் பழகுகிறவர்கள் இரண்டு காலும் தரையில் ஊன்றும்படி தாழ்த்திக்கொள்ளலாம், பயம் தெளிந்ததும் ஏற்றிக்கொள்ளலாம்.

கையில் இருக்கும் பணம் முழுவதையும் வண்டிக்கே போடாதீர்கள். 8,000 ரூபாய் இருந்தால் 6,500க்குள் வண்டியை முடித்து, மீதியில் நல்ல பூட்டு, பின்பக்கச் சிவப்பு லைட், முன்லைட், கைப்பம்பு வாங்குங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கும் அதன் உதிரிபாகங்களுக்கும் ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பில் போடச் சொல்லி அதைச் சரிபாருங்கள், பிரேம் நம்பரையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். கடையை விட்டுக் கிளம்புமுன் சீட்டுக் கம்பியை உங்கள் எதிரிலேயே உருவி கிரீஸ் தடவச் சொல்லுங்கள். நான் அன்றைக்கு இதைச் செய்திருந்தால் இன்னொரு சீட்டுக் கம்பி வாங்கியிருக்க மாட்டேன்.

வாங்கிய பிறகு

வாரத்துக்கு ஒரு முறை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் வண்டி முழுவதையும் துடைத்து, காயவைத்து, செயினுக்குச் சொட்டுச் சொட்டாக எண்ணெய் விட்டு, மேலே வழிந்ததைத் துடைத்துவிடுங்கள். வழிந்த எண்ணெயில்தான் சாம்பல் ஒட்டும். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை சீட்டுக் கம்பியை உருவிக் கிரீஸ் தடவுங்கள். மழைக்காலம் முடிந்ததும் ஓர் ஓவராயல். இவ்வளவு போதும்.

இனி சாலை. எண்ணூர் விரைவுச் சாலையிலும் மணலிப் பக்கத்துச் சாலைகளிலும் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும். வரிசை நகராதபோது, லாரிக்கும் நடைபாதைக்கும் இடையில் சைக்கிள் நுழையுமளவு சந்து தெரியும். டிரைவரின் உயரத்திலிருந்து அந்தச் சந்தில் இருப்பவர் தெரிய மாட்டார். லாரி இடப்பக்கம் திரும்பும்போது பின்சக்கரங்கள் முன்சக்கரம் போன தடத்தில் வருவதில்லை, மூலையை ஒட்டி உள்ளே வெட்டி வரும். சந்து அப்போது இருக்காது. வேலைக்கு ஐந்து நிமிடம் தாமதமானாலும் பரவாயில்லை, அந்த இடப்பக்கச் சந்துக்குள் மட்டும் நுழையாதீர்கள். லாரி போகட்டும், அதன் பிறகு நீங்கள் போங்கள். உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிவிட்டு சாவியைக் கொடுங்கள்.