கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

போடியிலிருந்து பெரியப்பா எழுதுவது. எம்.டி. ரேடியேஷன் ஆன்காலஜியில் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் "எல்லாப் பாடமும் ரெக்கார்டிங்கிலேயே கிடைக்குது, மத்தியானம் ஓ.பி.யில் நிற்பது வெட்டி வேலை" என்று எழுதியிருக்கிறாய். எனக்குக் கோபமில்லை. மும்பை டாட்டா மெமோரியலில் ஒருவர் பேசுவதைக் கேட்க எங்கள் காலத்தில் லீவும் வேண்டும், ரயில் டிக்கெட்டும் வேண்டும். 2020-க்குப் பிறகு அது போனுக்குள் வந்துவிட்டது. நல்லதுதான், விட்டுவிடாதே.

ஆனால் அது வந்த கதையையும் தெரிந்துகொள். ஊரடங்கில் உன் சீனியர்களைக் கோவிட் வார்டுக்கு அனுப்பினார்கள். தேசியப் புற்றுநோய்க் கூட்டமைப்பைச் சேர்ந்த 41 மையங்களின் கணக்கைப் பார்த்தால், 2020 மார்ச் முதல் மே வரை புதிதாகப் பதிந்த நோயாளிகள் முந்தைய ஆண்டைவிட 54 சதவீதம் குறைவு, கதிர்வீச்சுக்கு வந்தவர்கள் 23 சதவீதம் குறைவு. நோயாளி வராவிட்டால் எதைப் பார்த்துப் படிப்பது? அடுத்த ஆண்டு ஏப்ரலில் நடக்க வேண்டிய நீட் பி.ஜி. செப்டம்பருக்குப் போனது, கவுன்சலிங் 2022 ஜனவரியில்தான் தொடங்கியது. ஜூனியரே இல்லாமல் அத்தனை வேலையையும் இழுத்த பேட்ச் அது. இன்று உனக்கு வகுப்பெடுப்பவர்களில் அவர்களும் இருப்பார்கள். எது கைக்கு வராமல் போனது என்று அவர்களிடமே கேள்.

பிராக்கிதெரபி, அதாவது உள்ளே வைத்துக் கொடுக்கும் கதிர்வீச்சு என்றுதான் சொல்வார்கள் என்பது என் ஊகம். சி.டி. படத்தில் கட்டியைச் சுற்றிக் கோடு வரைவதைத் திரையில் தாராளமாகக் கற்கலாம். நிஜ வேலையும் திரையில்தானே. கர்ப்பப்பைக்குள் டேண்டம் குழாயைச் செலுத்துவது அப்படியல்ல. எந்த இடத்தில் தடை, எந்த இடத்தில் இன்னும் தள்ளினால் கர்ப்பப்பை துளைபடும், மலக்குடலைத் தள்ளி வைக்க காஸ் துணியை எவ்வளவு இறுக்கி அடைப்பது என்பதெல்லாம் விரலுக்குத்தான் பிடிபடும். வெளிக்கதிரும் இதுவும் சேர்ந்து எட்டு வாரத்துக்குள் முடிய வேண்டும் என்பதால் நீ தயாராகும்வரை கர்ப்பப்பைவாய்ப் புற்றோடு வந்திருக்கும் அம்மா காத்திருக்க முடியாது. பிராக்கி நாளில் லீவு கேட்காதே.

இன்னொன்று, கோவிட் காலத்தில் வேகமாகப் பரவிய குறுகிய அட்டவணை. மார்பகப் புற்றுக்கு நாங்கள் ஐந்து வாரம், 25 முறை வைத்தோம். பிறகு அது மூன்று வாரமானது. 2020 ஏப்ரலில் லான்செட்டில் வந்த ஃபாஸ்ட்-ஃபார்வர்டு ஆய்வு, ஐந்தே முறையில் 26 கிரே கொடுத்தாலும் நோய் திரும்புவது கூடவில்லை என்றது. கோவிட்டுக்குப் பயந்து பாதியில் முடித்த சிகிச்சை என்று யாராவது சொன்னால் நம்பாதே. அது 2011-லேயே ஆள் சேர்க்க ஆரம்பித்து, ஐந்து ஆண்டு பின்தொடர்ந்த ஆய்வு. கோவிட் அதை நடைமுறைக்குத் தள்ளிவிட்டது, அவ்வளவுதான். அதற்காக, வாய்ப்புற்றுக்கும் நாளைக் குறைத்துவிடலாம் என்று கணக்குப் போடாதே. அங்கே ஏழு வாரம் என்றால் ஏழு வாரம். இடையில் ஒரு நாள் விழுந்தாலும் நோயைக் கட்டுப்படுத்தும் வாய்ப்பு சுமார் ஒரு சதவீதம் சரியும்.

இங்கேதான் நம் மலைக்காரர்கள் நினைவுக்கு வருகிறார்கள். விடிவதற்குள் போடியில் ஜீப் ஏறி, போடிமெட்டு வழியாகப் பூப்பாறை, சாந்தம்பாறைப் பக்கம் ஏலத்தோட்டத்துக்குக் காயெடுக்கப் போகிற பெண்களைச் சின்ன வயதில் நீயே பார்த்திருக்கிறாய். அவர்களுக்குக் 'கரண்ட்', அதாவது கதிர்வீச்சு, வைக்க வேண்டுமென்றால் பெரும்பாலும் மதுரைக்குப் போக வேண்டும். நின்றுபோன ரயில் போடிக்குத் திரும்ப வந்ததே 2023 ஜூனில்தான். ஊரடங்கில் பஸ்ஸும் இல்லை, மெட்டில் செக்போஸ்டும் மறித்தது. இன்றைக்கு அதெல்லாம் இல்லை, ஆனால் கூலி போகிறதே. கரண்ட் இல்லாத சனி, ஞாயிறில் தோட்டத்துக்கு ஏறிவிடுவார்கள். சாரலில் நனைந்து, ஈர ஜாக்கெட் உரசி, நீ மார்பில் போட்டுவிட்ட கோடு திங்கட்கிழமை பாதிதான் இருக்கும். திட்டுவார்களோ என்று பயந்து தாங்களே ஸ்கெட்ச் பேனாவால் வரைந்துகொண்டு வருவார்கள். அது அரை விரற்கடை தள்ளியிருந்தால் என்ன ஆகும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. இது எந்த ரெக்கார்டிங்கிலும் வராது. மத்தியான ஓ.பி.யில், பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தால்தான் வரும்.

ஆகவே டோஸ் எழுதுவதற்கு முன்னால், எங்கே தங்குவீர்கள், வீட்டில் யார் பார்த்துக்கொள்வார்கள், கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேள். பதிலைக் கேஸ் ஷீட்டில் எழுது. சீனியர் சிரித்தால் சிரிக்கட்டும்.

தீசிஸுக்குத் தலைப்பு கேட்டிருந்தாயே. தேனி மாவட்டத்திலிருந்து வரும் வாய்ப்புற்று நோயாளிகளுக்கு எத்தனை நாள் தவறுகிறது, ஏன் தவறுகிறது என்று பாரேன். மிஷின் ரிப்பேரில் போன நாளைத் தனியாகப் பிரித்துக்கொள்; இல்லாவிட்டால் எல்லாப் பழியும் நோயாளி தலையில் விழும். எத்திக்ஸ் கமிட்டி அனுமதி வராமல் ஒரு ஷீட்டைக்கூடத் தொடக்கூடாது, அது வரவும் நாளாகும். இந்த மாதமே உன் கைடிடம் பேசிவிடு.

பெரியப்பா