களம் மாறினாலும்

நுழையும்முன்

ஒரு விளையாட்டில் சில ஆண்டுகள் பயின்றபின், வேறொரு விளையாட்டின்மேல் நாட்டம் பிறப்பதுண்டு. அதனை வீட்டில் எவ்வாறு சொல்வது? பெற்றோர் அதனை எவ்வாறு ஏற்பது? மணிப்பூர் வீராங்கனை ஒருவரின் வாழ்வைக் கொண்டு இதனைச் சிந்திப்போம்.

தடகளத்திலிருந்து குத்துச்சண்டைக்கு

மணிப்பூர் மாநிலத்தின் சிற்றூர் ஒன்றில், எளிய உழவர் குடும்பத்தில் பிறந்தவர் மேரி கோம். வயல்வேலையில் பெற்றோருக்குத் துணைநின்று கொண்டே பள்ளியில் பயின்றார். அந்நாளில் அவர் விரும்பியது தடகளம். ஈட்டி எறிதலிலும் 400 மீட்டர் ஓட்டத்திலும் பயிற்சி பெற்றார்.

1998ஆம் ஆண்டு பாங்காக்கில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டியில், மணிப்பூர் வீரர் டிங்கோ சிங் குத்துச்சண்டையில் தங்கப்பதக்கம் வென்றார். அவ்வெற்றி மேரியின் மனத்தில் புதிய வேட்கையை எழுப்பியது. அவர் இம்பால் நகரில் குத்துச்சண்டை பயிலத் தொடங்கினார். ஆனால், வீட்டாரிடம் அதனைச் சொல்லவில்லை.

2000ஆம் ஆண்டு மாநிலக் குத்துச்சண்டைப் போட்டியில் மேரி வென்றார். அவருடைய படம் செய்தித்தாளில் வெளிவந்தது. அதன் வழியாகவே தந்தை செய்தியை அறிந்தார். முகத்தில் காயம் பட்டால் மகளின் திருமணம் தடைப்படுமோ என்று அவர் அஞ்சினார். அவரும் இளமையில் மற்போர் வீரராக இருந்தவரே. அடிபடுவது இன்னதென்று அவருக்குத் தெரியும். எனினும், மகளின் ஆர்வம் உண்மையானது என்பதை உணர்ந்தபின் அவருக்குத் துணைநின்றார்.

மேரி கோம் உலகக் குத்துச்சண்டைப் போட்டிகளில் ஆறு முறை தங்கம் வென்றார். பெண்கள் குத்துச்சண்டை ஒலிம்பிக்கில் முதன்முதலாக இடம்பெற்ற 2012ஆம் ஆண்டு, இலண்டனில் வெண்கலப்பதக்கம் பெற்றார்.

பேசினால் தீரும் அச்சம்

தந்தையின் தடைக்குக் காரணம் அன்பு. மகளின் மௌனத்துக்குக் காரணம் அச்சம். இவ்விரண்டும் இன்றும் பல வீடுகளில் உள்ளன. மட்டைக்கும் காலணிக்கும் பயிற்சிக் கட்டணத்துக்கும் செலவிட்ட பெற்றோர், "இத்தனை ஆண்டு உழைப்பும் வீணா?" என்று வருந்துவர். அவ்வருத்தத்தைக் காண அஞ்சிப் பிள்ளைகள் விருப்பத்தை மறைப்பர்.

உழைப்பு முற்றிலும் வீணாவதில்லை. ஓட்டம் கால்களுக்கு வேகம் தருகிறது. ஈட்டி எறிதல் தோளுக்கு வலிமை தருகிறது. அதிகாலையில் எழும் பழக்கமும் தோல்வியைத் தாங்கும் மனமும் எக்களத்திலும் உடன்வரும்.

ஆயினும், மாற விரும்பும் காரணத்தை ஆராய்வது நன்று. ஒரு போட்டியில் தோற்ற வருத்தமெனில், சில வாரங்கள் பொறுத்திருக்கலாம். தோழர் சென்றார் என்பதனால் தாமும் செல்ல நினைப்பது நிலைக்காமற் போகலாம். காயமோ பயிற்றுநரின் கடுஞ்சொல்லோ காரணமெனில், முதலில் அதற்குத் தீர்வு காணவேண்டும். பெற்றோரின் பணிமாற்றத்தால் புதிய ஊரில் பழைய விளையாட்டுக்குக் களம் இல்லாமற் போவதும் உண்டு. உள்ளம் உண்மையாகவே புதிய விளையாட்டை நாடினால், அதற்கு வழிவிடுதல் தகும்.

மாறும்போது சில கடமைகள் உள்ளன. அணியில் ஆடுபவர், நடந்துகொண்டிருக்கும் போட்டித் தொடரை முடித்துவிட்டே விலகவேண்டும். பழைய பயிற்றுநரிடம் நேரில் சொல்லி நன்றி கூறவேண்டும். புதிய களத்தில் தம்மினும் இளையோருடன் முதற்பாடத்திலிருந்து தொடங்க நாணுதல் கூடாது. பெற்றோரும், "இதிலாவது பதக்கம் வருமா?" என்று கேளாமல், "இன்று என்ன கற்றாய்?" என்று கேட்பது பிள்ளைக்கு ஊக்கம் தரும்.

மேரியின் தந்தைக்குச் செய்தித்தாள்தான் சொன்னது. நம் வீட்டுச் செய்தியை நாமே நம் வாயால் சொல்வோம். சொல்லும் துணிவு பிள்ளைகளுக்கும், கேட்கும் பொறுமை பெற்றோருக்கும் வேண்டும்.

சொற்பொருள்

நாட்டம் – விருப்பம்
வேட்கை – மிகுந்த ஆர்வம்
மற்போர் – மல்யுத்தம்
நாணுதல் – வெட்கப்படுதல்

வினாக்கள்

1. மேரி கோம் முதலில் எவ்விளையாட்டுகளில் பயிற்சி பெற்றார்?
2. மேரியின் தந்தை அஞ்சியது ஏன்? அவர் மனம் மாறியது எதனால்?
3. விளையாட்டை மாற்ற விரும்புவோர் ஆராய வேண்டிய காரணங்கள் யாவை?
4. பிரித்து எழுதுக: அவ்வெற்றி, எக்களம்.

செயல்பாடு

விளையாட்டை மாற்ற விரும்பும் மகளுக்கும் தாய்க்கும் இடையே நிகழும் உரையாடலைப் பத்து வரிகளில் எழுதுக. அதனை வீட்டில் உரக்கப் படித்துக் காட்டுக.